அமெரிக்க மாநிலங்களின் வேலையின்மைக் காப்புறுதிச் சட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

1936ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, வேலையிழந்த தொழிலாளி ஒருவருக்கு 15 டொலருக்கான காசோலையொன்று வழங்கப்பட்டது. அமெரிக்க மாநிலமொன்றின் வேலையின்மைச் சட்டப்படி கொடுக்கப்பட்ட முதலாவது பணம் அதுவே. தொகை சிறிது, ஆயின் அது எவருடைய பணம் என்னும் வினா சிறிதன்று. மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து அப்பணம் வரவில்லை. தொழிலாளரும் முதலாளிகளும் சேர்ந்து திரட்டிய பொதுநிதி எதிலிருந்தும் வரவில்லை. அத்தொழிலாளியை வேலையினின்றும் நிறுத்திய நிறுவனத்தின் பெயரில் வைக்கப்பட்டிருந்த தனிக்கணக்கொன்றிலிருந்து அது கழிக்கப்பட்டது.

வேலையில்லாதோரின் வறுமையைத் தணித்தல் ஒரு நோக்கம். ஆட்குறைப்புச் செய்யும் முதலாளியைத் திருத்துதல் வேறொரு நோக்கம். அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பெரிதும் இரண்டாவது நோக்கத்தின் வயிற்றிற் பிறந்து, பின்னர் முதலாவது நோக்கத்தின் சுமையைச் சுமக்க வேண்டியவையாயின. இக்கொடுப்பனவை மேலும் பலருக்கு, மேலும் நீண்ட காலத்திற்கு வழங்குவதற்கு எழுந்த முயற்சிகள் யாவும் அத்தனிக்கணக்கில் வந்து முட்டிக்கொண்டன. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானியா 1911ஆம் ஆண்டிலே தேசிய காப்புறுதிச் சட்டத்தின் இரண்டாம் பகுதியின் மூலம் கட்டாய வேலையின்மைக் காப்புறுதியைத் தொடக்கிவைத்தது. அதனைப் பின்பற்றி 1916இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டுத் தோல்வியுற்றது. தோல்விக்கு முதலாளிகளை மட்டும் காரணங்காட்டுதல் பொருந்தாது. சாமுவேல் கொம்பேர்ஸ் தலைமையிலான அமெரிக்கத் தொழிற் சம்மேளனமே அரசாங்கக் காப்புறுதியை எதிர்த்து நின்றது. தொழிலாளர் தம் நலனைத் தம் சங்கத்தின் வலிமையால் வெல்லல் வேண்டுமேயன்றி, அரசின் கையை எதிர்பார்த்தல் ஆகாது என்பது அச்சம்மேளனத்தின் கோட்பாடு. 1932ஆம் ஆண்டு வரை அது இந்நிலைப்பாட்டைக் கைவிடவில்லை. நகரங்கள்தோறும் தொழிலாளர் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பின்னரே ஞானம் பிறந்தது எனல் மிகையாகாது.

இவ்வாறிருக்க, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பொருளியற் பேராசிரியராகவிருந்த ஜோன் கொமன்ஸ் வேறொரு வழியிற் சிந்தித்தார். 1911இல் அம்மாநிலம் தொழிலிட விபத்துக்களுக்கான நட்டஈட்டுச் சட்டமொன்றை இயற்றியிருந்தது. விபத்தின் செலவு முதலாளியின் தலையில் விழுந்ததும், அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்த இயந்திரங்களுக்குக் காப்பு வேலிகள் அமைக்க அவர்கள் முன்வந்தனர். வேலையின்மையையும் இவ்வாறே நோக்கலாகாதா என்பது கொமன்சின் வினா. ஆட்குறைப்பிற்கு ஒரு விலை வைத்தால், முதலாளி உற்பத்தியை ஆண்டு முழுவதற்கும் சீராகப் பரப்பி வேலையை நிலைபெறச் செய்வான் என அவர் கருதினார். இக்கருத்தின் அடிப்படையில் 1921இல் செனற் உறுப்பினர் ஹென்றி ஹியூபர் கொண்டுவந்த சட்டமூலம் நிறைவேறவில்லை. அப்பத்தாண்டு முழுவதும் அது மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டு மீண்டும் மீண்டும் வீழ்ந்தது.

1931ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை மாறியது. ஆளுநர் பிலிப் லா பொலெற் சட்டசபையின் விசேட கூட்டத்தொடரைக் கூட்டினார். கொமன்சின் மாணவரும் சட்டசபை உறுப்பினருமான ஹரோல்ட் குரோவ்ஸ் சட்டமூலத்தை முன்னெடுத்துச் சென்றார். அதனை வரைவதில் போல் ரவுஷென்புஷ், அவருடைய மனைவி எலிசபெத் பிராண்டைஸ் ஆகிய இரு பொருளியலாளரும் பெரும்பங்கு கொண்டனர். 1932 சனவரியில் சட்டம் கைச்சாத்திடப்பட்டது.

அச்சட்டத்தின் அளவைக் காண்போர் இன்று வியப்படைவர். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கமர்த்திய நிறுவனங்களுக்கே அது ஏற்புடையது. கொடுப்பனவு வாரச் சம்பளத்தின் பாதி. உச்சவரம்பு 10 டொலர். ஆண்டொன்றுக்குப் பத்து வாரங்கள் மட்டும். தொழிலாளியிடமிருந்து ஒரு சதமேனும் அறவிடப்படவில்லை. தொழில் கொள்வோர் தம் சம்பளத் தொகையின் 2 சதவீதத்தைத் தமது கணக்கிற் செலுத்தவேண்டும். தொழிலாளி ஒருவருக்கு 55 டொலர் என்னும் அளவிற்கு இருப்புச் சேர்ந்ததும் வீதம் 1 ஆகக் குறையும். 75 டொலரை எட்டியதும் எதுவுஞ் செலுத்த வேண்டியதில்லை. ஆட்குறைப்பு நிகழ்ந்து இருப்புக் குறைந்தாலன்றி அக்கணக்கு மீண்டும் வாய் திறவாது. விவசாயத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். அவர்களைச் சேர்த்திருந்தால், விவசாயிகளின் வாக்குகளில் நிலைபெற்ற சட்டசபையொன்றில் இச்சட்டம் கரைசேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

கொமன்சின் உவமை அழகானது. ஆனால் அது முழுவதும் பொருந்துவதன்று. இயந்திரத்திற்கு வேலி போடுதல் தொழிற்சாலைச் சொந்தக்காரனின் கையிலுள்ளது. உலகச் சந்தையில் அவனுடைய பொருளுக்குக் கேள்வியை உண்டாக்குதல் அவனுடைய கையிலில்லை. இக்குறைபாட்டைக் கூர்மையாக எடுத்துக்காட்டியோருள் ஐசாக் ரூபினோ, ஏப்ரகாம் எப்ஸ்ரைன் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். ரூபினோ உறுப்பினராகவிருந்த ஒஹையோ மாநில ஆணைக்குழு 1932இன் இறுதியில் மாற்றுத் திட்டமொன்றை வெளியிட்டது. அதற்குத் தலைமை வகித்த வில்லியம் லீசர்சனும் கொமன்சிடம் பயின்றவரே என்பது சுவையானதொரு செய்தி. முதலாளி 2 சதவீதமும் தொழிலாளி 1 சதவீதமும் செலுத்தும் பொதுநிதி, பதினாறு வாரக் கொடுப்பனவு, வாரமொன்றுக்கு 15 டொலர் உச்சவரம்பு என்பன ஒஹையோத் திட்டத்தின் கூறுகள். ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் அதன் கணக்கும் வற்றிவிடும். வற்றிய கணக்கிலிருந்து, தேவை மிகுந்த நேரத்தில், எதனைப் பெறுவது என்பது இவ்வணியினரின் வாதம். காப்புறுதி என்பது பலருடைய இடரைப் பலர் பகிர்தல் என்றால், விஸ்கொன்சின் முறையைக் காப்புறுதி என அழைப்பதே பொருத்தமன்று. இவ்வாதமே வலுவுடையது என்பது எம் கருத்து. எனினும் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது விஸ்கொன்சின். ஒஹையோத் திட்டம் அறிக்கையாகவே நின்றது.

மாநிலங்கள் தனித்தனியே செயற்படுவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒரு மாநிலம் தன் தொழிலதிபர்மீது வரி விதித்தால், அவர்கள் வரியில்லாத அயல் மாநிலத்திற்குப் பெயர்ந்துவிடுவர் என்னும் அச்சமே அது. இதற்கு மருந்து கண்டவர் உயர் நீதிமன்ற நீதியரசர் லூயி பிராண்டைஸ். மேற்கூறிய எலிசபெத்தின் தந்தை. அவர் தம் மகளுக்கும் மருமகனுக்கும் சுட்டிக்காட்டியது புளோரிடா மாநிலத்தின் வழக்கொன்றை. செல்வந்தரைக் கவரும் நோக்குடன் புளோரிடா மரபுரிமை வரியைத் தன் அரசியலமைப்பிலேயே தடைசெய்திருந்தது. காங்கிரஸ் 1926இல் சமஷ்டி மரபுரிமை வரியொன்றை விதித்து, மாநிலத்திற்குச் செலுத்திய வரியை அதன் 80 சதவீதம் வரை கழித்துக்கொள்ள இடமளித்தது. மாநில வரி இல்லாத இடத்திற் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை. முழுத்தொகையும் வாஷிங்டனுக்கே போய்ச்சேரும். புளோரிடா வழக்குத் தொடுத்து 1927இல் தோற்றது.

இச்சூத்திரமே 1935 ஓகஸ்ட் 14ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. எட்டு அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கமர்த்தியோரின் சம்பளத் தொகைமீது 1936இல் 1 சதவீதமும், 1937இல் 2 சதவீதமும், 1938 முதல் 3 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. மாநிலத்தில் ஏற்றுக்கொள்ளத்தக்க வேலையின்மைச் சட்டம் இருப்பின் அவ்வரியில் 90 சதவீதம் வரை கழிக்கலாம். சட்டம் இயற்றாத மாநிலத்தின் முதலாளிகளும் அதே வரியைச் செலுத்துவர். ஆனால் அம்மாநில மக்களுக்கு எதுவுங் கிடையாது. இரண்டே ஆண்டுகளில், 1937 நடுப்பகுதிக்குள், 48 மாநிலங்களும் சட்டங்களை இயற்றி முடித்தன. இருபது ஆண்டுகளாக மனச்சாட்சியால் இயலாததை வரிக்கணக்கு இரண்டு ஆண்டுகளிற் செய்தது.

அலபாமாவிலுள்ள நிறுவனமொன்று தான் செலுத்திய 46 டொலர் 14 சதத்தைத் திருப்பித் தருமாறு கோரி இச்சட்டத்தை எதிர்த்தது. ஸ்ருவேர்ட் இயந்திரக் கம்பனி வழக்கு என வழங்கும் இவ்வழக்கிலே 1937 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் சட்டம் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. ஒரு வாக்கு மாறியிருப்பின் அத்தனை மாநிலச் சட்டங்களின் அடித்தளமும் சரிந்திருக்கும்.

ஆயின் சமஷ்டி அரசு வகுத்தது சட்டகத்தை மட்டுமே. எவ்வளவு, எத்தனை வாரம், எவருக்கு என்பன மாநிலங்களின் முடிவிற்கு விடப்பட்டன. தொழில் அமைச்சர் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் தலைமையில் இச்சட்டத்தை வகுத்த குழுவில் நிறைவேற்றுப் பணிப்பாளராகவிருந்த எட்வின் விற்றியும், தொழில்நுட்பச் சபைக்குத் தலைமை வகித்த ஆதர் ஓல்ற்மையரும் விஸ்கொன்சினிலிருந்து சென்றவர்கள். பிரதிநிதிகள் சபை நீக்கிவிட்ட தனிக்கணக்குச் சலுகையைச் செனற் சபை மீண்டும் சேர்த்தது. அதற்கு முன்னின்றவர் ஆளுநர் லா பொலெற்றின் தமையனாரான செனற்றர் ரொபேட் லா பொலெற். எனவே விஸ்கொன்சின் கருத்து நாடு முழுவதற்கும் பரவுவதற்கான கதவு திறந்தே வைக்கப்பட்டது.

அவ்வேளையில் இவற்றினும் விரிந்த திட்டமொன்று காங்கிரசின் முன் இருந்தமையை இங்கே குறிப்பிடுதல் தகும். மின்னசோற்றா மாநிலத்தின் விவசாயி-தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஏர்னஸ்ட் லுண்டீன் கொண்டுவந்த சட்டமூலம், விவசாயத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் உட்பட எல்லாத் தொழிலாளருக்கும் நிற, பால் வேறுபாடின்றிக் கொடுப்பனவு வழங்க முற்பட்டது. செலவை வருமானத்தின்மீதும் மரபுரிமையின்மீதும் விதிக்கும் வரியால் ஈடுசெய்ய எண்ணியது. 1935இல் பிரதிநிதிகள் சபையின் தொழிற்குழு அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது; ஆனால் சபை நிராகரித்தது. நடைமுறைக்கு ஒவ்வாதது என அதனை ஒதுக்குவோர் உளர். அதில் இடம்பெற்ற தொழிலாளர் பிரிவினர் பலர் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் அவர்கள் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியது. அக்காலத்திற் கறுப்பினத் தொழிலாளருட் பாதிக்கு மேற்பட்டோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் சார்பில் செனற் குழுவின்முன் சாட்சியமளித்த வழக்கறிஞர் சாள்ஸ் ஹூஸ்ரன், இச்சட்டம் கறுப்பின மக்கள் கீழே விழுந்துபோகத்தக்க அளவில் துளையிட்ட சல்லடை போன்றது என எடுத்துரைத்தார். இவ்விலக்கிற்குத் தென் மாநிலப் பிரதிநிதிகளின் இன நோக்கே காரணம் என்பர் ஒரு சாரார். சிதறிக்கிடக்கும் பண்ணைகளிலும் வீடுகளிலும் வரி அறவிடுதல் இயலாது எனத் திறைசேரி கூறிய நிர்வாகக் காரணமே முதன்மையானது என்பர் மற்றொரு சாரார். மூன்றாண்டுகளுக்கு முன்னரே, கறுப்பின மக்கள் மிகச் சிலராக வாழ்ந்த விஸ்கொன்சினும் விவசாயத் தொழிலாளரை விலக்கியிருந்தமையை நோக்குமிடத்து, இரண்டாவது காரணத்தை முற்றாகத் தள்ளிவிடல் இயலாது. ஆனால் தெற்கின் பருத்தித் தோட்டங்களில் அவ்விலக்கினால் எவர் இலாபமடைந்தனர் என்பதில் ஐயத்திற்கிடமில்லை.

இனித் தனிக்கணக்கு எவ்வாறு தொழிற்பட்டது என நோக்குவோம். விஸ்கொன்சினின் கண்டிப்பான தனிக்கணக்கைப் பெரும்பாலான மாநிலங்கள் அப்படியே ஏற்கவில்லை, பொதுநிதியையே அமைத்தன. ஆயினும் ஒவ்வொரு நிறுவனத்தின் முன்னைய ஆட்குறைப்பு அனுபவத்தைக் கொண்டு அதன் வரிவீதத்தை ஏற்றியிறக்கும் முறையை 1948ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் கைக்கொண்டன. இம்முறையால் மாநிலம் ஒரு முதலாளியின் வரியைக் குறைத்தால், அவன் முழுவரியையுஞ் செலுத்தியதாகவே சமஷ்டி அரசு கருதியது. எனவே மாநில வரியைக் குறைப்பதால் முதலாளிக்கு முழு இலாபம். மாநிலத்திற்கோ முதலீட்டைக் கவரும் தூண்டில். போர்க்காலத்தில் வேலை பெருகி நிதி குவிந்தபோது, அது கொடுப்பனவை உயர்த்துவதற்குப் பயன்பட்டதிலும் பார்க்க வரியைத் தாழ்த்துவதற்கே கூடுதலாகப் பயன்பட்டது.

இதனினும் ஆழமான விளைவு ஒன்றுண்டு. தன்னிடம் வேலைசெய்த ஒருவர் கொடுப்பனவு பெற்றால் தன் வரிவீதம் உயரும் என்றறிந்த முதலாளி, வேலையை நிலைபெறச் செய்வதற்கு முன்னர் எளிதான வேறொரு வழியைக் கண்டான்: கோரிக்கையை எதிர்த்தல். தானாக வேலையை விட்டார், ஒழுங்கீனமாக நடந்தார், தகுந்த வேலையை மறுத்தார் என்னும் மூன்று காரணங்களும் மாநில விசாரணைகளில் நாளாந்தம் ஒலிக்கலாயின. தொடக்ககாலச் சட்டங்களில் இவற்றிற்கான தண்டனை சில வாரத் தாமதமே. பின்னர் பல மாநிலங்கள், மீண்டும் வேலை பெற்று உழைக்கும்வரை எதுவுமில்லை எனச் சட்டத்தை இறுக்கின. கொமன்ஸ் எதிர்பார்த்த திருத்தம் ஓரளவிற்கு நிகழ்ந்திருக்கலாம். ஆனால் வேலையிழந்தவனுக்கும் அரசுக்கும் இடையில் மூன்றாவது வழக்காளியாக அவனுடைய பழைய எசமானனை நிறுத்தியது அவருடைய கணக்கேயாகும்.

வரிக்கு உட்படும் சம்பளத்தின் வரலாறும் இத்தகையதே. 1939இல் ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 3,000 டொலருக்கு மட்டும் சமஷ்டி வரி என வரையறுக்கப்பட்டது. அக்காலத்தில் அது ஏறத்தாழ எல்லாச் சம்பளத்தையும் உள்ளடக்கியது. அவ்வெல்லை 1972இல் 4,200 ஆகவும், 1978இல் 6,000 ஆகவும், 1983இல் 7,000 ஆகவும் உயர்ந்தது, அதன்பின் உயரவேயில்லை.

உள்ளடக்கப்பட்டோரின் வட்டம் மெல்ல மெல்லவே விரிந்தது. 1954ஆம் ஆண்டுத் திருத்தம் நால்வரை வேலைக்கமர்த்தியோரையும் சேர்த்தது. கரும்பும் அன்னாசியும் விளையும் ஹவாய், மாநிலமாகுமுன்னரே, 1957இல் விவசாயத் தொழிலாளருக்குக் கொடுப்பனவு வழங்கச் சட்டம் இயற்றியது. 1958ஆம் ஆண்டின் மந்தத்தில் கூடுதல் வாரங்களுக்குச் சமஷ்டி அரசு கடன் கொடுக்க முன்வந்தபோது, அதில் முழுமையாகச் சேர்ந்த மாநிலங்கள் பாதியளவேனும் இல்லை; கடனைத் தீர்ப்பவர் தம் மாநில முதலாளிகள் என்பதே தயக்கத்தின் காரணம். 1970இல் மந்தகாலத்திற்கான பதின்மூன்று வார நிரந்தர நீடிப்பு ஏற்படுத்தப்பட்டது. கலிபோர்ணியா 1976 தொடக்கம் தன் பண்ணைத் தொழிலாளரை உள்ளடக்கியது. அவ்வாண்டிலேயே காங்கிரஸ் இயற்றிய திருத்தம், 1978 முதல் பெரும் பண்ணைகளின் தொழிலாளரையும், வீட்டுப் பணியாளர் சிலரையும், மாநில, உள்ளூராட்சி ஊழியரையும் சேர்க்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. லுண்டீன் சட்டமூலம் வீழ்ந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. சிறு பண்ணைகளின் கூலியாட்கள் அப்பொழுதும் வெளியிலேயே நின்றனர்.

பெண்களின் நிலையையும் இவ்விடத்திற் கூறாது விடுதல் முறையன்று. குடும்பப் பொறுப்பினாற் பணி துறந்தோருக்குக் கொடுப்பனவு மறுத்த மாநிலங்கள் பல. யூற்றா மாநிலச் சட்டம், பிள்ளைப்பேற்றிற்கு முன் பன்னிரண்டு வாரமும் பின் ஆறு வாரமும் எந்தப் பெண்ணும் வேலைக்குத் தகுதியற்றவள் எனக் கொண்டது. 1975இல் உயர் நீதிமன்றம் இதனைச் செல்லுபடியற்றதாக்கியது. மேற்குறித்த 1976ஆம் ஆண்டுத் திருத்தம், கர்ப்பத்தை மட்டும் காரணங்காட்டி மறுத்தலைத் தடைசெய்தது.

தனிக்கணக்கின் முரண்பாடு முழுவதும் வெளிப்பட்ட நிகழ்ச்சி நியூ யோர்க்கில் நடந்தது. வேலைநிறுத்தஞ் செய்வோருக்குக் கொடுப்பனவு இல்லை என்பது பெரும்பாலான மாநிலங்களின் விதி. நியூ யோர்க் தன் முதற்சட்டத்திலிருந்தே இதில் வேறுபட்டது. வேலைநிறுத்தஞ் செய்வோர் பிறரிலும் சில வாரங்கள் கூடுதலாகக் காத்திருந்தபின் கொடுப்பனவு பெறலாம். 1971 யூலையில் நியூ யோர்க் தொலைபேசிக் கம்பனியின் ஏறத்தாழ 38,000 தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அது ஏழு மாதங்கள் நீடித்தது. எட்டு வாரங்களின்பின் அவர்களுக்குக் கொடுப்பனவு கிடைத்தது. மொத்தம் 49 மில்லியன் டொலருக்கு மேல். நிறுவனத்தின் வரிவீதம் அதன் தொழிலாளர் பெற்ற தொகையைப் பொறுத்ததாகையால், அச்செலவின் பெரும்பகுதி இறுதியில் அந்நிறுவனத்தின் தலையிலேயே விழுந்தது. தன்னை எதிர்த்து வாயிலில் நிற்பவனுக்குத் தானே உணவூட்ட வேண்டிய நிலை!

கம்பனி நீதிமன்றம் சென்றது. முதலாளிக்கும் சங்கத்திற்கும் இடையில் சமஷ்டித் தொழிற்சட்டம் பேணும் சமநிலையை மாநிலம் குலைக்கின்றது என்பது அதன் வாதம். 1979 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அறுவருக்கு மூவர் என்னும் பெரும்பான்மையால் அவ்வாதத்தை நிராகரித்தது. 1935இல் காங்கிரஸ் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோதே நியூ யோர்க் விதி இருந்தது; அறிந்தும் காங்கிரஸ் தடுக்கவில்லையாதலால் முடிவு மாநிலத்திற்குரியது என்பது தீர்ப்பின் சாரம். முதலாளியைத் திருத்துவதற்கென வகுக்கப்பட்ட கருவி, அதனை வகுத்தோர் எண்ணியிராத வகையில், தொழிலாளியின் கையிற் பேரம்பேசும் வலிமையாக மாறியது.

அதன்பின் வந்த காலம் பெரும்பாலும் சுருக்கத்தின் காலம். எழுபதுகளின் நடுப்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வற்றிய மாநில நிதிகள் வாஷிங்டனிடம் கடன்பட்டன. 1982 முதல் அக்கடனுக்கு வட்டியும் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் இதே நிலை பெருமளவில் மீண்டது. 2009இல் காங்கிரஸ் 7 பில்லியன் டொலரை ஒதுக்கி, அண்மைக்கால உழைப்பையும் கணக்கிற் கொள்ளல், பகுதிநேர வேலை தேடுவோரை உள்ளடக்கல் முதலிய சீர்திருத்தங்களைச் செய்யும் மாநிலங்களுக்கு வழங்க முன்வந்தது. பெரும்பாலானவை ஏற்றன. ரெக்சாஸ் ஆளுநர் தம் மாநிலத்திற்குரிய 555 மில்லியனை ஏற்க மறுத்தார். பணம் ஒருமுறை வரும், சுமை என்றும் நிற்கும் என்பது அவர்தம் நியாயம். 2011இல் மிச்சிகன் 26 வாரங்களை 20 ஆகக் குறைத்தது; புளோரிடா, ஜோர்ஜியா முதலியன தொடர்ந்தன. 2013இல் வட கரோலினா உச்சவரம்பை 535 டொலரிலிருந்து 350 ஆக வெட்டியது. சமஷ்டி விதியை மீறிய அவ்வெட்டினால் நீண்டகாலம் வேலையற்றிருந்தோருக்கான சமஷ்டி நீடிப்பையும் அது அவ்வாண்டு யூலையில் இழந்தது. கடனைத் தீர்க்க முதலாளியின் வரியை உயர்த்துவதா, தொழிலாளியின் வாரங்களை வெட்டுவதா என்னும் தெரிவில் இம்மாநிலங்கள் எப்பக்கம் பெரிதும் சாய்ந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

2020இல் பெருந்தொற்று வந்தபோது, தனிக்கணக்கின் எல்லை ஒருமுறை தாண்டப்பட்டது. சுயதொழில் செய்வோர், வாடகைக்கார் ஓட்டுவோர் போன்று எந்த முதலாளியின் கணக்கிலும் இடம்பெறாத மில்லியன் கணக்கானோருக்குச் சமஷ்டி அரசு தன் பொது வருவாயிலிருந்து கொடுப்பனவு வழங்கியது. எல்லோருக்கும் வாரமொன்றுக்கு 600 டொலர் மேலதிகமாகவும் சில மாதங்கள் கிடைத்தது. 2021இல் நியூ யோர்க் சட்டசபை, குடியுரிமை ஆவணமின்மையால் இதிலிருந்தும் விலக்கப்பட்ட தொழிலாளருக்கென 2.1 பில்லியன் டொலர் நிதியொன்றை அமைத்தது. ஆனால் அவ்வாண்டு நடுப்பகுதியில், முழுச்செலவும் வாஷிங்டனுடையதாக இருந்தும், ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் சமஷ்டி உதவியைக் காலத்திற்கு முன்னரே நிறுத்தின. எனவே தடையாக நின்றது பணம் மட்டுமன்று; கொடுப்பனவு பெறுபவன் வேலைக்கு வரமாட்டான் என்னும் நம்பிக்கை, கணக்குப் புத்தகத்திற்கு வெளியேயும் வேர்கொண்டிருந்தது.

அண்மை ஆண்டுகளில் அலை மீண்டும் திரும்பியுள்ளது. 2024 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால் மிச்சிகன் 26 வாரங்களை மீட்டது. 2002 முதல் 362 டொலரில் நின்ற உச்சவரம்பையும் படிப்படியாக உயர்த்தியது. வேலைநிறுத்தஞ் செய்வோரின் பிரச்சினையும் புத்துயிர் பெற்றது. நியூ ஜேர்சி 2018இல் முப்பது நாட்காத்திருப்பின்பின் கொடுப்பனவுக்கு இடமளித்து, 2023இல் அதனைப் பதினான்கு நாட்களாகக் குறைத்தது. 2025இல் வாஷிங்டன் மாநிலம் ஆறு வாரங்கள் வரையும், ஓரிகன் பத்து வாரங்கள் வரையும் வேலைநிறுத்தஞ் செய்வோருக்கு வழங்கச் சட்டம் இயற்றின. ஓரிகன் அரசாங்க ஊழியரையும் சேர்த்துக்கொண்டது. இரண்டும் 2026 சனவரியைத் தொடக்கமாகக் குறித்தன.

இதே நோக்கத்துடன் கலிபோர்ணியச் சட்டசபை நிறைவேற்றிய சட்டமூலத்திற்கு 2023 செப்டெம்பரில் ஆளுநர் நியூசம் ஒப்பமிட மறுத்தார். திரைப்படக் கதாசிரியரும் நடிகரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த ஆண்டு அது. அவர் காட்டிய காரணம், மாநில நிதி ஏறத்தாழ 20 பில்லியன் டொலர் கடனில் மூழ்கியிருந்தமை. காரணம் பொய்யன்று. 2025இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் 72,800 டொலர் வரை இவ்வரிக்கு உட்படுத்தியது. கலிபோர்ணியா, சமஷ்டிச் சட்டம் 1983இல் விதித்த ஆகக் குறைந்த எல்லையான 7,000 டொலருக்கு அப்பால் ஒரு டொலரையும் தொடவில்லை.